வராததுக்கு ஒண்ணு

கோரிப்பாளையத்திலிருந்து விளாங்குடி எவ்வளவு தூரம் என்று அவரிடம் கேட்டால் மைலிலோ கிலோமீட்டரிலோ பதில் வராது. "சைக்கிள்ல அரை மணி நேரம். மேக்காத்து அடிச்சா முக்கா மணி" என்பார். கோச்சடை? "மழை பேஞ்சிருந்தா இன்னைக்குப் போகாதீக." சென்னை? "ராத்திரி ஏறுனா காலைக் காப்பிக்கு." இரண்டு ஊர்களுக்கு நடுவே நேரம் இருக்கிறது என்பதை அவர் ஒப்புக்கொள்வார். தூரம் என்று ஒன்று இருப்பதை அவர் ஒப்புக்கொண்டு நான் கேட்டதே இல்லை.

நாங்கள் வேலை பார்த்த கடையில் அவருக்கு 'மணிக்கணக்கு' என்று பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், ஆள் மணிக்கணக்காகப் பேசுவார் போலிருக்கிறது என்று பயந்து இரண்டு நாள் ஒதுங்கியே இருப்பார்கள். ஒரு நாளில் அவர் பேசும் பேச்சையெல்லாம் சேர்த்து வைத்தால் பத்து நிமிடம் தேறாது.

அது டீசல் எஞ்சின் விற்கிற கடை. கிணற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புசெட்டுகள்தான் முக்கிய வியாபாரம். அவர் சர்வீஸ் மெக்கானிக். நான் கடிதங்கள் எழுதுகிற எழுத்தர். எழுபத்து நான்கு ஆனி மாதம் நான் சேர்ந்தபோது அவர் அங்கே மூன்று வருடம் முடித்திருந்தார். எனக்கு நான்கு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். அண்ணன் எப்படித் தம்பியை மாப்பிள்ளை என்று கூப்பிடுவார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. மதுரையில் அப்படிக் கேட்க யாருக்கும் தோன்றாது.

அன்றாடம் நடந்ததைத் தேதி போட்டு எழுதி வைப்பது எனக்குப் பள்ளி நாளிலிருந்தே பழக்கம். இதை எழுதும்போதும் பழைய குறிப்பேடுகள் பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே மாதமும் கிழமையும் சொல்லும் இடங்களில் என்னை நம்பலாம். அவர் பேச்சு மட்டும் ஞாபகத்திலிருந்து.

அவருடைய கருவிப் பையில் ஸ்பேனர்களுக்கு மேலே, பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஒரு முழ நீளத்துக்கு மூங்கில் குச்சி ஒன்று இருக்கும். எஞ்சினின் டீசல் டேங்குக்குள் அதை விட்டு எடுப்பார். எங்கே வரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். குச்சியில் பேனாக்கத்தியால் வெட்டிய கோடுகள். அவை லிட்டர் என்று நான் பல நாள் நினைத்திருந்தேன். ஒரு தடவை கேட்டேன்.

"லிட்டரா? இல்ல மாப்ள. ஒரு வெட்டு ஒரு மணி நேரம்."

"எந்த எஞ்சினுக்கு?"

"அஞ்சு குதிரை எஞ்சினுக்கு இந்தப் பக்கம். எட்டுக் குதிரைக்கு அந்தப் பக்கம்."

இதில் விசித்திரம் ஒன்றும் இல்லை என்று அவர் நினைத்தார். யோசித்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. லாரிக்காரனுக்கு எஞ்சின் என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது. அவன் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பான். பம்புசெட் எங்கேயும் போவதில்லை. கிணற்று மேட்டில் நான்கு போல்ட்டில் இறுகி நின்று நாளெல்லாம் ஓடுகிறது. "நம்ம எஞ்சின் ஒக்காந்த எடத்துலயே குடிக்கிற ஆளு. அவன்கிட்டப் போயி எம்புட்டுத் தூரம்னு கேட்டா சிரிப்பான்" என்பார்.

எழுபத்தேழு பங்குனியில் சோழவந்தான் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர் கடைக்கு வந்து சத்தம் போட்டார். எஞ்சின் டீசலாகக் குடித்துத் தீர்க்கிறது, போன வருடம் ஒரு கேனில் பாய்ந்த தோப்புக்கு இந்த வருடம் ஒன்றரைக் கேன் ஆகிறது, ஏமாற்றிவிட்டீர்கள் என்று. புகாரைப் பதிவு செய்யவேண்டும் என்பதால் நானும் உடன் போனேன். அவர் எஞ்சினை ஓட்டச் சொன்னார். குச்சியை விட்டுப் பார்த்தார். பிறகு வாய்க்கால் ஓரம் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். கையில் ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. தோப்புக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து என்னிடம் வந்தார்.

"என்னய்யா, மெக்கானிக்கக் கூப்புட்டா சாமியாரக் கூட்டிட்டு வந்திருக்கீக?"

இரண்டு மணி நேரம் முடிந்ததும் அவர் எழுந்தார். குச்சியை விட்டார். எஞ்சினை நிறுத்தினார். நிறுத்திய உடனே கிணற்றுப் பக்கம் காதைக் கொடுத்தார். குழாய்க்குள்ளிருந்து சளசளவென்று தண்ணீர் கீழே இறங்கும் சத்தம்.

"எஞ்சின் குடிக்கல மாமா. போன வருசம் மணிக்கு எம்புட்டுக் குடிச்சானோ அம்புட்டேதான். ஒங்க கெணறுதான் குடிக்குது. அடிவால்வு ஒழுகுது. ஏத்துற தண்ணில பாதி திரும்ப எறங்குது. அதான் கூட நேரம் ஓடுது."

தோப்புக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். மூன்று வெட்டச் சொன்னார் அவர். நாங்கள் இருந்தது இரண்டு பேர்.

அந்த மூன்றாவதைப் பற்றிச் சொல்லவேண்டும். எதை எடுத்துக்கொண்டு கிளம்பினாலும் அவருக்கு மூன்று பங்கு வேண்டும். எஞ்சின் ஏற்றிப் போகும் வேனுக்கு டீசல் நிரப்பினாலும், ஊருக்குள் கிடைக்காத நட்டுகள் பையில் போட்டாலும், குடிக்கத் தண்ணீர் எடுத்தாலும் ஒரே சூத்திரம்தான்: "போறதுக்கு ஒண்ணு, வாரதுக்கு ஒண்ணு, வராததுக்கு ஒண்ணு." கடையில் உதிரிபாகம் விற்பவர் இதை வைத்தே அவரை ஓட்டுவார். "அண்ணே, காப்பி மூணு சொல்லவா? குடிக்க ஒண்ணு, கொட்ட ஒண்ணு, வராததுக்கு ஒண்ணு!" அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "சொல்லு, நீ குடி" என்பார்.

நியாயமாக இன்னொன்றையும் எழுதவேண்டும். அந்த மூன்றாவது பங்கு பெரும்பாலும் அப்படியே திரும்பி வந்தது. ஒரு வருடம் நான் வேண்டுமென்றே குறித்து வைத்தேன். பதினாலு பயணத்தில் பன்னிரண்டு தடவை தொடாமல் வந்தது. அதை அவரிடம் காட்டினேன். "ரெண்டு தடவை தொட்டிருக்கோம்ல" என்றார். அவ்வளவுதான்.

அவர் மனைவியின் ஊர் செக்கானூரணிப் பக்கம். சிரித்த முகம், கணவருக்கும் சேர்த்து அந்த அம்மாதான் பேசுவார். ஒரு பொங்கலன்று விளாங்குடியில் அவர்கள் வீட்டில் சாப்பிடும்போது சொன்னார்: "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்கப்பா சும்மா பேச்சுக் குடுக்க, 'ஒங்க ஊரு இங்கருந்து எம்புட்டுத் தூரம் மாப்ள?'ன்னு கேட்டாரு. இந்த மனுசன், 'பஸ்ஸு கெடச்சா ஒரு மணி நேரம். கெடைக்காட்டி நாளைக்கு'ன்னாரு. எங்கப்பா உள்ள வந்து, 'பொய் பேசாத பய, குடுத்துரலாம்'னாரு."

அவர் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தபடி, "அன்னைக்கு பஸ்ஸு கெடைக்கலைல" என்றார்.

எண்பத்து நான்கில் அவர் கடையை விட்டு விலகி விளாங்குடியில் சொந்தமாகப் பட்டறை வைத்தார். நல்ல பேரோடு நடந்தது. ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பட்டறையும் கிணற்று மேடும் முன்னால் வருவதில்லை. வருவது தூத்துக்குடிப் படகுத்துறை, எழுபத்தொன்பது வைகாசி, ஒரு திங்கட்கிழமை.

எங்கள் முதலாளி சௌராஷ்டிரக் குடும்பத்தவர். வீட்டில் அவர்களுக்குத் தனி மொழி, கடையில் எங்களோடு எங்கள் தமிழ். கோபம் வந்தால் தமிழிலிருந்து வீட்டு மொழிக்குத் தாவிவிடுவார். ஆகவே அவர் கோபமாக இருக்கிறார் என்பது எங்களுக்கு எப்போதும் தெரியும், யார்மேல் என்பதுதான் தெரியாது. நல்ல மனிதர். கடற்கரை ஊர்களில் மீனவர்கள் விசைப்படகுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. படகு எஞ்சினும் விற்கலாம் என்று அவருக்கு ஆசை வந்தது. விளம்பரத்துக்காகத் தூத்துக்குடியில் ஒரு படகு கட்டச் சொன்னார். மீன் பிடிக்கும் படகல்ல. வெள்ளைச் சாயம், கூரை, மெத்தை போட்ட பெஞ்சுகள், ஒரு சின்ன அறை. பணக்காரர்கள் உல்லாசமாகப் போகிற மாதிரி.

அந்தப் படகுக்கான எஞ்சின் மாசி மாதம் முதலில் மதுரைக்கு வந்தது. கடையின் பின்கட்டில் இரும்புச் சட்டத்தில் பூட்டி, சிமெண்டுத் தொட்டித் தண்ணீரில் சூட்டைத் தணித்து, மணிக்கணக்கு அதை ஓட்டிப் பார்த்தார். தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசோடு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்னண்ணே, படகு எஞ்சினாம்ல? வைகைல விடப் போறீகளா?"

"வைகைல விட்டா மண்வெட்டி வச்சுத்தான்டா தள்ளணும்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

அவர் காதில் எதுவும் விழவில்லை. பம்பு தள்ளும் பாரத்தை அதன்மேல் ஏற்றி, மூன்று மணி நேரம் ஓட விட்டார். குச்சியை விட்டார். பிறகு சுவரில் சாக்பீசால் எழுதினார்: மணிக்கு 10. மதுரையின் நடுவில் ஒரு படகு எஞ்சின் முப்பது லிட்டர் குடித்து ஓர் அடிகூட நகராமல் நின்றது. கடலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு எண்தான். கடலை அவர் பார்த்ததில்லை.

முதலாளியின் மகளுக்கு அந்தத் தை மாதம் கல்யாணம் ஆகியிருந்தது. புதுச் சம்பந்திகளைப் படகில் தூத்துக்குடியிலிருந்து பாம்பனுக்குக் கூட்டிப் போய், ராமேஸ்வரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு, அதே படகில் திரும்பி வருவது என்று திட்டம். முதலாளி, மனைவி, மகள், மருமகன், சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் ஆக ஆறு பேர். படகு ஓட்டும் தண்டலும் அவருக்கு உதவியாக ஓர் ஆளும். எஞ்சின் பார்க்க எங்கள் மணிக்கணக்கு. பயணத்தை எழுதி வைக்க நான். பத்துப் பேர். நான் கனமான அட்டை போட்ட நோட்டு ஒன்றும், வெயிலுக்குத் தொப்பி ஒன்றும் வாங்கினேன். கோச்சடையில் எங்கள் தெருவில் சொல்லாத வீடு பாக்கியில்லை.

அந்த வருடம் டீசலுக்குத் தட்டுப்பாடு. பெட்ரோல் பங்குகளில் 'ஸ்டாக் இல்லை' பலகை அடிக்கடி தொங்கும். பாம்பனில் கிடைக்கும் என்று நம்பிப் போகமுடியாது. போய்த் திரும்ப வேண்டியதைக் கிளம்பும்போதே நிரப்பிக்கொள்ளவேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

முதலாளிக்கு நான்கைந்து லாரிகளும் உண்டு. அந்த லாரிகளைப் பார்த்துக்கொண்ட மேனேஜர் கெட்டிக்காரர். கணக்கில் அவரை அசைக்கமுடியாது. படகைத் துறைமுகத்துக்குள் ஓட்டி ட்ரையல் பார்த்துவிட்டு வந்தவரும் அவர்தான். முதலாளியின் மேஜை முன் நின்று சொன்னார்:

"தூத்துக்குடி டு பாம்பன் நூத்தி இருவத்தாறு கிலோமீட்டர். போக வர இருநூத்தி அம்பத்திரெண்டு. ட்ரையல்ல லிட்டருக்கு ஆயிரத்து முந்நூறு மீட்டர் குடுத்துச்சு. ஆகமொத்தம் நூத்தித் தொண்ணூத்தி நாலு லிட்டர். படகு டேங்கு இருநூறு. ஆறு லிட்டர் மிச்சமே இருக்கும்."

முதலாளி எங்கள் மணிக்கணக்கைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்ற?"

"எம்புட்டு நேரம் மொதலாளி?"

மேனேஜர் சிரித்துவிட்டார். "அதான் கிலோமீட்டர் சொல்லியாச்சேய்யா!"

"அது ரோட்டுக்கு சார். ரோடு நின்ன எடத்துல நிக்கும். எதிர்காத்து அடிச்சா படகு பாதித் தூரம்தான் போகும். எஞ்சினு அது பாட்டுக்கு மணிக்குப் பத்தக் குடிச்சிக்கிட்டே இருக்கும்."

"துறைமுகத்துல ஓட்டிப் பாத்துத்தானய்யா சொல்றேன்?"

"அது கம்மாத் தண்ணி மாதிரி சார்." பிறகு முதலாளியிடம் திரும்பினார். "முந்நூறு லிட்டரு வேணும் மொதலாளி. போறதுக்கு நூறு. வாரதுக்கு நூறு. வராததுக்கு நூறு."

வாசலுக்குப் போகிறவர்கூடப் 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லுகிற ஊர். புதுச் சம்பந்திகளோடு கோயிலுக்குக் கிளம்புகிறவரிடம், அவர் மேஜைக்கு முன்னாலேயே, திரும்பி வராததற்கு ஒரு பங்கு கேட்கிறார் இவர். முதலாளியின் முகம் கறுத்தது.

"நல்ல காரியத்துக்குக் கெளம்பையில என்ன வார்த்தைய்யா இது?" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னதெல்லாம் வீட்டு மொழியில். யார்மேல் கோபம் என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது. இருநூறு என்று முடிவாயிற்று.

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "ஏன் அண்ணே அப்பிடிச் சொன்னீக? 'கூடக் கொஞ்சம் இருக்கட்டும்'னு சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாருல்ல?"

"கூடக் கொஞ்சம்னு சொன்னா எடுத்துச் செலவு பண்ணிருவாக மாப்ள. வராததுக்குன்னு சொன்னாத்தான் தொடப் பயப்படுவாக."

சனிக்கிழமை விடியற்காலை படகுத்துறையில் சாமான் லாரி வந்து நின்றது. பெட்டிகள், பலகாரத் தூக்குகள், பாய் எல்லாம் இறங்கிய பிறகு, அடியில் ஒரு டிரம். கடையில் எஞ்சின் ஓட்டிப் பார்க்க வைத்திருந்த டீசலில் நூறு லிட்டர்.

"யாரக் கேட்டுய்யா ஏத்துன?" என்று மேனேஜர் மணிக்கணக்கின் மேல் பாய்ந்தார்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவை. வெகு நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "இதுல மைல்கல்லு எங்க மாப்ள நட்டிருக்காக?" என்றார்.

படகு ஓட்டும் தண்டல் ஐம்பது வயதுக்காரர். கரையோரம் பிறந்து வளர்ந்தவர். முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்ததால் அதுவரை வாயைத் திறக்கவில்லை. டிரம்மைக் கண்டதும் இவரிடம் வந்தார்.

"எஞ்சினு மணிக்கு எவ்வளவு குடிக்கும்?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை இன்னொருவர் கேட்டு நான் பார்த்தது அன்றுதான். இவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பத்து."

"டேங்கு?"

"எரநூறு."

தண்டல் மேற்கே திரும்பி வானத்தைப் பார்த்தார். முதலாளியிடம் போனார். "போகையில காத்து முதுகுல இருக்கும், ஒம்பது மணி நேரத்துல சேத்துருவேன். திரும்பி வரையில கச்சான் எந்திரிச்சா எத்தன மணின்னு எனக்கே தெரியாது. அந்த டிரம்மு ஏறாம நான் சுக்கானத் தொட மாட்டேன், பாத்துக்கிடுங்க." கச்சான் என்பது மேற்கிலிருந்து வரும் காற்று.

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். சம்பந்திகள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். "சரி, ஏத்துங்க" என்றார்.

"ஏத்தலாம். ஆனா இந்தப் படகுக்குப் பத்துத் தலைதான். டிரம்மு ரெண்டு ஆள் பாரம். ரெண்டு பேரு எறங்கணும்."

ஆறு பேர் உறவு. இரண்டு பேர் படகுக்காரர்கள். எண்ணிப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டேன்.

"நானும் மாப்ளையும் நின்னுக்கிறோம் மொதலாளி" என்றார் அவர்.

"எஞ்சினப் பாக்க ஆளு வேணாமாப்பா?"

"எஞ்சினு நிக்காது. டீசலு நின்னாத்தான் நிக்கும்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிரம்மைப் படகில் உருட்டி ஏற்றி, கூரைத் தூணோடு கயிறு போட்டுக் கட்டி, டேங்குக்கு டீசல் இறக்குவதற்கான ரப்பர் குழாயை அதன்மேல் சுற்றி வைத்தார். சட்டைப் பையிலிருந்து சாக்பீசை எடுத்தார். எல்லோருக்கும் தெரிகிற பக்கமாகப் பெரிய எழுத்தில் எழுதினார்: வராததுக்கு.

முதலாளியின் மனைவி அதைப் படித்துவிட்டு, தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

புது நோட்டில் அன்று நான் எழுதியது ஒரே வரி: 'படகு கிளம்பியது, காலை 5.40. நான் கிளம்பவில்லை.' அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. லாட்ஜில் இரண்டு நாள் ஒரே அறை. அவர் இரண்டு வேளையும் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். அவருக்கும் படகில் போக ஆசை இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவருடைய பையில் புதிதாக வாங்கி, விலைச் சீட்டுக்கூடக் கிழிக்காத ஒரு துண்டைப் பார்த்தபோதுதான் தோன்றியது. கடலில் குளிப்பதற்கென்று அவர் மனைவி வாங்கிக் கொடுத்தனுப்பியது.

படகு ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் பாம்பனில் கிளம்பித் திங்கள் காலை ஆறு மணிக்கு வந்து சேரவேண்டும். ஐந்தரைக்கே மேனேஜர் இரண்டு வாடகைக் கார்களோடு படகுத்துறைக்கு வந்துவிட்டார். ஆறு ஆயிற்று. ஏழு ஆயிற்று. கடலில் வெள்ளையாக ஒன்றும் தெரியவில்லை. வேட்டி முழங்காலில் நிற்காமல் படபடத்தது. மேற்கிலிருந்து காற்று.

எட்டு மணிக்குக் கரை திரும்பிய மீன்பிடிப் படகுக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கத்தினார்: "வெளிய கச்சான் வெளுத்து வாங்குது! யாரத் தேடுறீக?"

மேனேஜர் அங்குமிங்கும் நடந்தார். மணிக்கணக்கு, படகைக் கயிற்றால் கட்டி வைக்கும் கல் ஒன்றின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டுகிறவர். அன்று அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார்.

"போக நூறுன்னு வச்சுக்க. வர நூறு, பத்து மணி நேரம். ஆறு மணியோட டேங்கு காலி" என்றார் என்னிடம், கடிகாரத்தைப் பார்த்தபடி. "இப்ப ஓடுறது நம்ம சீட்டு, மாப்ள."

"எதுவரைக்கும் அண்ணே?"

"நாலு மணி வரைக்கும்."

அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. ஒன்பது. பத்து. டீ வாங்கி வந்தேன், மூன்று கிளாஸ். அவர் தொடவில்லை. கட்டைவிரல் கடிகாரக் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. ஒரு தடவை தானாகப் பேசுவதுபோல், "அந்த ரப்பர் குழாய ஊதிப் பாத்தேன்தான். கசடு ஏதும் இருந்திருக்குமோ" என்றார். எட்டுப் பேரின் உயிர் அவர் மனதில் அந்தக் குழாய் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பதினொன்றுக்கு மேனேஜர் வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட பேண்ட்டோடு, மீன் செதிள் கிடந்த தரையில்.

"நாலு தடவ போட்டுப் பாத்தேன்யா. ஆறு லிட்டர் மிச்சம் வரணும். எங்க தப்பு விட்டேன்?"

'நான் அப்போதே சொன்னேன்' என்று சொல்ல இதைவிட நல்ல சமயம் மனிதனுக்கு வாய்க்காது. நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"கணக்கு சரிதான் சார்" என்றார் அவர். "ரோடுதான் ஆடுது." பிறகு ஆறிப்போன டீ கிளாசுகளில் ஒன்றை எடுத்து மேனேஜர் கையில் வைத்தார். "குடிங்க. இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு."

ஒன்றுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது வெள்ளையாகத் தெரிந்தது. முதலில் அலையா படகா என்று சொல்லமுடியவில்லை. பிறகு சத்தம் கேட்டது. மாசி மாதம் பின்கட்டில் மூன்று மணி நேரம் கேட்ட அதே சத்தம். அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்.

சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் கைத்தாங்கலாக இறங்கினார்கள். மருமகன் முகத்தில் ரத்தமே இல்லை. மகள் துறையின் சிமெண்டுத் தரையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். என்ன நடந்தது என்பதைத் தண்டல்தான் சொன்னார். போகும்போது ஒன்பது மணி நேரம், சொன்னபடி. ராமேஸ்வரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு வந்து, மருமகன் ஆசைப்பட்டாரென்று தீவுகளைச் சுற்றி இரண்டு மணி நேரம் ஓட்டியாயிற்று. இன்னும் ஒரு சுற்று, டிரம்மில்தான் முழுசாக இருக்கிறதே என்று மருமகன் கேட்டிருக்கிறார்.

"மொதலாளியம்மா விடல. அதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, கை வைக்காதீங்கன்னு ஒரே பிடி. விடியக்காலம் அஞ்சு மணிக்கு நடுக்கடல்ல டேங்கு தொடச்சுருச்சு. அப்ப தொறந்தோம். பதினேழு மணி நேரம், அண்ணாச்சி. பாதி வழி நின்ன எடத்துலயே ஓட்டுனேன்."

முதலாளி கடைசியாக இறங்கினார். உப்புத் தண்ணீர் காய்ந்து சட்டை விறைத்திருந்தது. இவரைப் பார்த்தார். மனைவியிடம் வீட்டு மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார். அதில் எங்களுக்குப் புரிந்த சொல் ஒன்றே ஒன்று: 'மணிக்கணக்கு.' கோபம் வந்தால்தான் அந்த மொழி என்று அதுவரை நினைத்திருந்தேன். என் குறிப்பேட்டில் அதை அன்றே திருத்தினேன்.

அதற்குள் இவர் படகில் ஏறிவிட்டார். பையிலிருந்து குச்சியை எடுத்து, துணியை அவிழ்த்து, டிரம்முக்குள் விட்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாக்பீஸ் எழுத்து அலை பட்டுப் பாதி அழிந்திருந்தது.

"எத்தன லிட்டர்யா இருக்கு?" என்றார் மேனேஜர் கரையிலிருந்து.

"ரெண்டு மணி நேரம் இருக்கு சார்."

முதலாளி சிரித்தார். அன்று முதல் தடவையாக. "ஏய், நீ இன்னும் கடல்ல போகலைல?"

"இல்ல மொதலாளி."

"எறங்காத, அங்கயே இரு." என்னைப் பார்த்து, "நீயும் ஏறுப்பா. நோட்டக் கொண்டா" என்றார். தண்டலைப் பார்த்தார். துறைமுகத்தின் உள்பக்கமாகவே போய் வரலாம் என்று தண்டல் தலையசைத்து மறுபடி சுக்கானைப் பிடித்தார். மேனேஜரும் ஏறிக்கொண்டார். வீட்டாரைக் கார்களில் ஏறச் சொல்லிவிட்டு, யாரும் எதிர்பாராதபடி முதலாளியும் திரும்ப வந்து எங்களோடு ஏறி, ஈர மெத்தையில் உட்கார்ந்தார்.

"எம்புட்டு நேரம் போகலாம்?" என்று இவரிடம் கேட்டார்.

அவர் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டே சொன்னார்: "நாப்பது நிமிசம் போவோம் மொதலாளி. நாப்பது நிமிசம் வருவோம்."

"ரெண்டு மணி நேரத்துக்கு இருக்குன்னியேய்யா. மிச்ச நாப்பது?" என்றார் மேனேஜர் பழக்க தோஷத்தில்.

அவர் வாயைத் திறப்பதற்குள், கரையில் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற சம்பந்தி காதிலும் விழும்படி, முதலாளி சொன்னார்:

"வராததுக்கு."